பூலாம்பட்டிப் படகு: என்ஜினையும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் நேர்கோட்டில் கொண்டுவருவது எப்படி?

கதவணைக்கரை:

வணக்கம்ங்க. பூலாம்பட்டிப் பக்கம் கதவணைத் தண்ணீரில் ஓடுகிற 28 அடி பைபர் படகு. ஆட்கள் ஏறுவாங்க, சில நேரம் இருசக்கர வண்டியும் ஏறும். இரண்டு சிலிண்டர் டீசல், 30 குதிரைத்திறன், 2:1 கியர் பாக்ஸ். ஷாஃப்ட் 40 மி.மீ. ஸ்டெயின்லெஸ். கியர் பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் முகத்தோடு முகம் சேர்க்கிற கப்ளிங் ஃபிளாஞ்ச் (வட்டத் தட்டு) விட்டம் 125 மி.மீ., நாலு எம்12 போல்ட். என்ஜினை வெளியே எடுத்து வேலை பார்த்து, நாலு மவுண்டிங்கும் புதுசாகப் போட்டுத் திரும்ப ஏற்றியிருக்கு.

இப்போது 1400 சுற்றுக்கு மேலே போனால் பின்பக்கத் தளம் அதிருது. கிளாண்டில் (ஷாஃப்ட் வெளியே போகிற துளையில் தண்ணீர் வராமல் அடைக்கிற இடம்) கை வைக்க முடியாத சூடு. கப்ளிங் போல்ட் எத்தனை இறுக்கினாலும் தளர்ந்துடுது. நியூட்ரலில் அதே 1400-இல் வைத்தால் அதிர்வே இல்லை. அலைன்மென்ட் பார்த்தது கரையில், படகை மரக்கட்டை மேல் நிறுத்தி, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து. கப்ளிங் முகத்தில் எவ்வளவு இடைவெளி வரை விடலாம்? கரையில் பார்த்தது போதுமா?

அம்மாபேட்டை_லேத்:

நியூட்ரலில் அதிரவில்லை என்றால் என்ஜினுக்குள் தேட வேண்டாம். கியர் போட்டால்தான் வருது என்பதால் சந்தேகம் ஷாஃப்ட் வளைவு, கப்ளிங் முகக் கோணல், அடிபட்ட புரொப்பல்லர் இலை, அலைன்மென்ட் இவற்றின் மேல்தான். மவுண்டிங் உந்துவிசையைத் தாங்குதா என்பதையும் பார்க்கணும்.

என்ஜினை நகர்த்தும் முன்னால் ஒரு சோதனை செய்யுங்க. கப்ளிங் போல்ட்டைக் கழற்றி, இரண்டு முகமும் ஏதாவது ஓரிடத்தில் லேசாகத் தொடுகிற அளவுக்குக் கிட்டக் கொண்டுவாங்க. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டு, அதிக இடைவெளி எங்கே என்று சாக்பீஸில் குறிங்க. கியர் பாக்ஸ் ஃபிளாஞ்ச் அசையாமல், ஷாஃப்ட்டை மட்டும் கால் கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொரு முறையும் பாருங்க. அதிக இடைவெளி ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றினால் குற்றம் ஷாஃப்ட்டிலோ அதன் கப்ளிங்கிலோ இருக்கு. என்ஜினை எங்கே நகர்த்தினாலும் அது தீராது. ஷாஃப்ட் சுற்றியும் இடைவெளி அதே திசையில் நின்றால் அதுதான் அலைன்மென்ட் குற்றம். அடுத்து ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கியர் பாக்ஸ் ஃபிளாஞ்சைத் திருப்பி அதையும் இப்படியே சோதிக்கணும்.

முகத்தில் பெயின்ட், துரு, சுத்தியல் அடி மேடு எதுவும் இருக்கக் கூடாது. மட்ட அரத்தால் மேட்டை மட்டும் தொட்டு எடுங்க. பெயின்ட் ஒரு பூச்சே கேஜ் அளவைப் பொய்யாக்கிவிடும்.

ஷாஃப்ட்_ஃபிட்டர்:

கரையில் பார்த்தது பாதி வேலைதான். கட்டை மேல் நிற்கும்போது படகின் எடை இரண்டு மூன்று இடத்தில் இறங்குகிறது. தண்ணீரில் அடி முழுவதும் தாங்குகிறது. அடிப்பாகம் அதற்கேற்ப மில்லிமீட்டர் கணக்கில் வளையும். நாம் பிடிக்கப் போவதோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கரையில் தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கடைசி அளவு தண்ணீரில் மிதக்கும்போதுதான், அதுவும் இறக்கி ஒரு நாளாவது விட்ட பிறகு. மரப் படகு என்றால் பலகை ஊறி நிலைக்க இன்னும் கூடுதல் நாள் வேண்டும். டீசல் டாங்க் வழக்கமாக எவ்வளவு இருக்குமோ அந்த அளவு இருக்கட்டும். அளக்கிறவர் தவிர வேறு யாரும் படகில் நடக்கக் கூடாது.

இடைவெளிக் கணக்கு: ஃபிளாஞ்ச் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்களுக்கு 125 மி.மீ., ஆகவே எதிரெதிர் இரண்டு இடங்களுக்கு இடையே வித்தியாசம் 0.125-ஐத் தாண்டக் கூடாது. அதற்கும் கீழே கொண்டுவர முடிந்தால் கொண்டுவாங்க.

பலரும் விட்டுவிடுகிற விஷயம் ஷாஃப்ட்டின் தொய்வு. போல்ட் கழற்றினதும் ஷாஃப்ட்டின் முன்முனை, கப்ளிங் எடையோடு கீழே தொங்கும். கிளாண்டுக்கு முன்னால் எவ்வளவு நீளம் தாங்கல் இல்லாமல் இருக்கு? 900 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ. கப்ளிங் பாதி 4 கிலோ. பேரிங் இறுகப் பிடித்திருக்கிறது என்று கொண்டால்கூட முன்முனை சுமார் 0.7 மி.மீ. இறங்கும், கப்ளிங் முகம் சாய்வதால் மட்டும் அடியில் 0.14 இடைவெளி காட்டும். அனுமதித்த அளவே 0.125. என்ஜின் மிகச் சரியான இடத்தில் இருந்தாலும் கேஜ் "தப்பு" என்று சொல்லும். அதை நம்பி என்ஜினை இறக்கினால், போல்ட் போட்டு ஓட்டும்போது ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். கிளாண்ட் சூடும் போல்ட் தளர்வும் அதிலிருந்தே வரலாம்.

தொய்வை எடுக்க, தாங்கல் இல்லாத நீளத்தின் எடையில் பாதியோடு கப்ளிங்கின் முழு எடையையும் கூட்டுங்க. 9 கிலோவில் பாதி 4.5, அதோடு 4, ஆக 8.5 கிலோ. கப்ளிங்குக்கு ஒட்டிப் பின்னால் கயிறு கட்டி, ஸ்பிரிங் தராசில் 8.5 காட்டும் வரை மேலே தூக்கி, அந்த உயரத்தில் ஒரு மரத் தாங்கி செய்து வைங்க. பக்கவாட்டில் ஷாஃப்ட் கிளாண்ட் துளையின் நடுவில் நிற்கணும். சுற்றிலும் இடைவெளி சமமா என்று பார்த்து, ஆப்பு வைத்து நிறுத்துங்க. இந்த நிலைதான் ஷாஃப்ட்டின் சரியான நிலை. அதன் பிறகு ஷாஃப்ட்டைத் தொடவே கூடாது. என்ஜினைத்தான் ஷாஃப்ட்டிடம் கொண்டுவரணும். போல்ட்டால் ஷாஃப்ட்டை என்ஜினிடம் இழுத்து ஒட்டவைப்பது அலைன்மென்ட் ஆகாது.

புது மவுண்டிங் எந்த வகை? அதைச் சொல்லுங்க.

மரவள்ளி_மெயின்டனன்ஸ்:

ஜவ்வரிசி ஆலைகளில் மோட்டார்–பம்பு அலைன்மென்ட் எல்லாமே டயல் கேஜில்தான் செய்யறது. காந்தக் கால் ஒரு ஃபிளாஞ்சில், முள் மற்றதன் விளிம்பில், இரண்டையும் சேர்த்துச் சுற்றி அளவெடுத்தால் கண் தப்பு வராது. ஒன்றை மறக்கக் கூடாது: மேலுக்கும் கீழுக்கும் டயலில் வருகிற வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான விலகல்.

இன்னொரு யோசனை. ரிஜிட் ஃபிளாஞ்சை எடுத்துவிட்டு ரப்பர் ஸ்பைடர் கப்ளிங் போட்டால் என்ன? கோணத்தில் ஒரு டிகிரி வரை, விலகலில் 0.3, 0.4 வரை பொறுத்துக்கொள்ளும். ஆலைகளில் வருஷக்கணக்கில் ஓடுது.

ஷாஃப்ட்_ஃபிட்டர்:

டயல் கேஜ் தாராளமாக வைக்கலாம், படகு கட்டியிருக்கிற இடத்தில் அலை இல்லையென்றால்.

ஸ்பைடர் கப்ளிங்கைப் படகில் போடவே கூடாதுங்க. ஆலையில் பம்புக்குத் தனி பேரிங் இருக்கு. கப்ளிங் சுழற்சியை மட்டும் கடத்தினால் போதும். படகில் புரொப்பல்லரின் உந்துவிசை முழுவதும் ஷாஃப்ட் வழியாக வந்து, கப்ளிங்கைத் தாண்டி, கியர் பாக்ஸுக்குள் இருக்கிற த்ரஸ்ட் பேரிங்கில் இறங்குது. முன்னோக்கிப் போகும்போது தள்ளும், ரிவர்ஸ் போட்டால் இழுக்கும். ஸ்பைடர் கப்ளிங்கில் இரண்டு பாதியும் பல்லில் பல் கோத்து நிற்கிறதே தவிர, நீளவாக்கில் ஒன்றையொன்று பிடிப்பதில்லை. ரிவர்ஸ் போட்ட நிமிடம் ஷாஃப்ட் பின்னால் உருவிக்கொண்டு போகும். கிளாண்டைத் தாண்டிப் போய்விட்டால் அந்தத் துளை வழியாகப் படகுக்குள் தண்ணீர். ஆள் ஏற்றுகிற படகு இது.

படகுக்கென்றே செய்த ஃபிளெக்சிபிள் கப்ளிங் உண்டு. இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவில் போல்ட் போட்டுப் பிடிப்பது, இழுவையையும் தாங்கும். அதைப் போட்டாலும் முதலில் அதில்லாமல் ரிஜிட் முகத்தோடு முகம் அலைன்மென்ட் பார்த்துவிட்டுத்தான் நடுவில் செருகணும். சத்தத்தையும் சின்ன அதிர்வையும் குறைக்கத்தான் அது.

எந்தக் கப்ளிங் போட்டாலும், கிளாண்டுக்கு முன்னால் ஷாஃப்ட்டில் ஒரு இரட்டைப் பாதி காலர் இறுக்கி வைப்பது நல்லது. போல்ட் எல்லாம் போனாலும் காலர் கிளாண்டில் முட்டி ஷாஃப்ட்டை நிறுத்தும்.

மரவள்ளி_மெயின்டனன்ஸ்:

புரிந்ததுங்க. இழுவை என்ற கணக்கே எங்கள் பக்கம் இல்லை. ஸ்பைடர் யோசனையை விட்டுவிடுங்க.

கதவணைக்கரை:

கப்ளிங் திருப்பிப் பார்த்தாச்சு. இடைவெளி அடியிலேயே நிற்குது, கூடவே ஷாஃப்ட்டோடு சேர்ந்து கொஞ்சம் சுற்றவும் செய்யுது. 0.05 அளவு.

மவுண்டிங் வட்டமான ரப்பர். மேலேயும் கீழேயும் தகடு, நடுவில் போல்ட். ஜெனரேட்டர் செட்டுக்குப் போடுகிற வகை. எடைக்குத் தகுந்த மாதிரிதான் வாங்கினதுங்க.

ஷாஃப்ட்_ஃபிட்டர்:

முதல் வேலை அதை மாற்றுவதுதான். மற்ற எல்லாம் பிறகு.

ஜெனரேட்டர் மவுண்டிங் மேலிருந்து இறங்கும் எடையைத் தாங்கச் செய்தது. நீளவாக்கில் தள்ளினால் ரப்பர் சுலபமாகச் சாயும். ஜெனரேட்டரை யாரும் முன்னால் தள்ளுவதில்லை. உங்கள் படகில் 30 குதிரைத்திறன் புரொப்பல்லர், கட்டிய நிலையில் ஏறக்குறைய 300 கிலோ உந்தும். அத்தனையும் அந்த நாலு ரப்பரில் போகுது. கியர் போட்டதும் என்ஜின் முன்னால் நகரும். ஷாஃப்ட் கோடு மவுண்டிங் மட்டத்துக்குக் கீழே இருந்தால் மூக்கும் தூக்கும். நிற்கும்போது எத்தனை அழகாக அலைன்மென்ட் பார்த்திருந்தாலும் ஓடும்போது அது இருக்காது.

மாற்றுமுன் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்க. படகின் பின்முனையைக் கரையில் உறுதியான தூணில் கட்டி, மவுண்டிங் உட்கார்ந்திருக்கிற பெட்டில் (என்ஜின் மேடை) ஒரு கோடும் மவுண்டிங் கால் ஓரத்தில் ஒரு கோடும் நேராகக் கிழித்து, முன் கியரில் மெதுவாக 1200 வரை ஏற்றுங்க. கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம்.

கதவணைக்கரை:

6 மி.மீ. முன்னால் போகுது. ரிவர்ஸில் 4 பின்னால் வருது.

ஷாஃப்ட்_ஃபிட்டர்:

அப்படியென்றால் ஷாஃப்ட்டும் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் 10 மி.மீ. கிளாண்டுக்குள் முன்னும் பின்னும் போய்வருது. கிளாண்டுக்குள் அடைத்திருக்கிற கயிறு தாங்காது.

மெரைன் மவுண்டிங் கேளுங்க. இரும்புக் கூட்டுக்குள் ரப்பர் அடைத்திருக்கும். நீளவாக்கில் கெட்டியாகவும் செங்குத்தில் இளக்கமாகவும் இருக்கும். மேலே இழுத்தாலும் கழன்று வராது. கூட்டின் மேல் முன்–பின் திசைக் குறி இருந்தால் அதைப் பார்த்து வைக்கணும். கெட்டித்தன்மை என்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்த எடைக்கு ஏற்றது. பின்னால் கியர் பாக்ஸ் இருப்பதால் முன்னாலும் பின்னாலும் எடை ஒரே மாதிரி இறங்காது; விற்பவர் முன் ஜோடிக்கும் பின் ஜோடிக்கும் வேறு வேறு கெட்டித்தன்மை சொன்னால் அதையே வாங்குங்க. ஸ்டட்டில் (மவுண்டிங் மேல் நிற்கிற மரைத் தண்டு) என்ஜின் கால் உட்காரும் நட் முடிந்த அளவு கீழே இருக்கட்டும். உயரம் பற்றாவிட்டால் மவுண்டிங் அடியில் இரும்புப் பட்டை கொடுங்க. ஸ்டட் நீளமாக வெளியே தெரிந்தால் வளையும், முறியவும் செய்யும்.

ஏற்றின பிறகு இரண்டு நாள் எடையோடு விட்டுவிடுங்க. புது ரப்பர் உட்காரும்.

மரவள்ளி_மெயின்டனன்ஸ்:

நாலு காலும் எடை தாங்குதா என்பதையும் பாருங்க. மோட்டாரில் ஒரு கால் தூக்கி நின்றால் போல்ட் இறுக்கும்போது உடம்பே முறுக்கிக்கொள்ளும். எத்தனை முறை அளந்தாலும் அளவு நிலைக்காது. ரப்பர் மவுண்டிங்கில் இது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு மவுண்டிங்கின் அமுங்கின உயரத்தையும் வெர்னியரில் அளந்து, இடதும் வலதும் ஒப்பிடுங்க. ஒன்று மட்டும் 1 மி.மீ. உயரமாக நின்றால் அது எடை வாங்கவில்லை. பெட்டுக்கும் மவுண்டிங் அடிக்கும் நடுவில் ஷிம் கொடுக்கணும்னா ஸ்டெயின்லெஸ் தகட்டில் முழு அடி அளவுக்கு வெட்டிக் கொடுங்க, சேலத்தில் 0.2, 0.5 தகட்டுக்குப் பஞ்சமில்லை. ஓரத்தில் மட்டும் செருகின துண்டுத் தகடு அதிர்வில் நழுவி வந்துவிடும்.

அம்மாபேட்டை_லேத்:

ஷாஃப்ட்டோடு சுற்றுகிற 0.05 பற்றி. மவுண்டிங் வருவதற்குள் ஷாஃப்ட்டை உருவி லேத்துக்குக் கொண்டுவாங்க. வி-பிளாக்கில் வைத்து டயலில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். 0.1-க்குள் இருந்தால் ஷாஃப்ட்டைத் தொட வேண்டாம். பிறகு கப்ளிங்கைச் சாவியோடு (கப்ளிங் ஷாஃப்ட்டில் வழுக்காமல் இருக்கச் செருகுகிற இரும்புக் கட்டை) ஷாஃப்ட்டில் ஏற்றி, இறுக்கி, அப்படியே லேத்தில் கட்டி முகம் மட்டும் மெல்லிசாக எடுக்கணும். கப்ளிங்கைத் தனியாகச் சக்கில் பிடித்து முகம் எடுத்தால், ஏற்றும்போது துளைப் பிடிப்பில் இருக்கிற சின்னக் கோணல் திரும்பவும் முகத்தில் வந்துவிடும்.

சாவி பக்கவாட்டில் இறுக்கமாகவும் தலையில் கொஞ்சம் இடைவெளியோடும் உட்காரணும். தலை முட்டினால் கப்ளிங் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு மையம் போய்விடும். செட் ஸ்க்ரூ இருந்தால் அதன் நுனி ஷாஃப்ட்டில் குழி எடுத்த இடத்தில் இறங்கணும், தலையில் கம்பிக் கட்டு போடணும்.

ஷாஃப்ட் வெளியே இருக்கும்போதே பின் பேரிங்கின் ரப்பரைப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் சாய்ந்து ஓடியிருக்கு. தேய்ந்த பேரிங்கை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்த்துப் பயனில்லை. ஷாஃப்ட் நடு எது என்றே தெரியாது.

கதவணைக்கரை:

மவுண்டிங் மாற்றியாச்சு, பின் பேரிங் புதுசு, கப்ளிங் முகம் ஷாஃப்ட்டோடு சேர்த்து எடுத்தாச்சு. தண்ணீரில் இறக்கி, 8.5 கிலோ தூக்கித் தாங்கி வைத்து அளந்தது: மேல் 0.10, கீழ் 0.40, இடது 0.15, வலது 0.23. பின்னாலிருந்து முன்னே பார்த்தபடி இடது வலது.

ஷாஃப்ட்_ஃபிட்டர்:

திரும்ப அளந்து சொல்லுங்க. மேலும் கீழும் கூட்டினால் 0.50, இடதும் வலதும் கூட்டினால் 0.38. முகம் இரண்டும் தட்டையாக இருந்தால் இந்த இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாகத்தான் வரணும். வரவில்லை என்றால் நடுவில் ஷாஃப்ட் முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருக்கு. ஷாஃப்ட்டில் ஒரு கிளாம்ப் போட்டு நீளவாக்கில் அசையாமல் நிறுத்துங்க. கேஜை நாலு இடத்திலும் ஒரே ஆழத்துக்கு விடுங்க. தகடு உரசிக்கொண்டு போகணும், திணிக்கக் கூடாது.

விளிம்பு விலகலும் வேண்டும். ஷாஃப்ட்டைப் பின்னால் இழுத்து நடு மேடு (ஒரு ஃபிளாஞ்சின் நடுவில் இருந்து மற்றதன் குழிக்குள் உட்காருவது) குழியிலிருந்து வெளியே வந்த பிறகு, விளிம்பு மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து, எந்த ஃபிளாஞ்ச் எவ்வளவு தாழ்ந்திருக்கு என்று கேஜ் விட்டுப் பாருங்க. மேலேயும் பக்கத்திலும். மவுண்டிங் ஸ்டட் பிட்ச் (மரை இடைவெளி), முன் பின் மவுண்டிங் நடுவே தூரம், பின் மவுண்டிங்கிலிருந்து ஃபிளாஞ்ச் முகம் வரை தூரம், இந்த மூன்றும் சொல்லுங்க.

கதவணைக்கரை:

கிளாம்ப் போட்டு அளந்தது: மேல் 0.10, கீழ் 0.40, இடது 0.20, வலது 0.30. இரண்டு கூட்டும் 0.50. விளிம்பில் என்ஜின் ஃபிளாஞ்ச் 0.30 தாழ்வு, வலப்பக்கம் 0.15 விலகல். ஸ்டட் எம்16, பிட்ச் 1.5. மவுண்டிங் நடுவே 640 மி.மீ. பின் மவுண்டிங்கிலிருந்து ஃபிளாஞ்ச் 200 மி.மீ. பின்னால்.

ஷாஃப்ட்_ஃபிட்டர்:

இப்போது கணக்கு நேராக வருது.

விதி இது: இடைவெளி எந்தத் திசையில் அதிகமோ, என்ஜினின் முன்முனையை அதே திசையில் நகர்த்தணும். கீழே அதிகமென்றால் முன்னால் இறக்கு. மேலே அதிகமென்றால் முன்னால் தூக்கு. வலது என்றால் முன்முனை வலதுக்கு.

கீழே 0.30 அதிகம். முன் மவுண்டிங்கில் நகர்த்த வேண்டியது 0.30 × 640 ÷ 125 = 1.5 மி.மீ. உங்கள் பிட்ச் 1.5, ஆகவே முன் இரண்டு நட்டும் ஒரு முழுச் சுற்று கீழே. முன்பக்கம் இறங்கும்போது பின் மவுண்டிங் அச்சாக நின்று ஃபிளாஞ்ச் மேலே எழும்: 1.5 × 200 ÷ 640, கிட்டத்தட்ட 0.47. ஏற்கெனவே 0.30 தாழ்ந்திருந்ததால் இப்போது 0.17 உயர்ந்து நிற்கும். ஆகவே நாலு நட்டையும் சமமாக 0.17 இறக்கணும். ஆறுபட்டை நட்டில் ஒரு பட்டை திருப்பினால் 0.25, முக்கால் பட்டைக்குக் கொஞ்சம் குறைவாகத் திருப்பினால் சரியாக வரும்.

பக்கவாட்டில் வலது 0.10 அதிகம். முன்முனை 0.5 மி.மீ. வலதுக்குப் போகணும். அப்போது ஃபிளாஞ்ச் 0.16 இடதுக்கு வரும். 0.15 வலது விலகல் தானாகவே போய்விடும். பின்பக்கத்தைத் தொட வேண்டாம். முன் மவுண்டிங் அடி போல்ட்டைத் தளர்த்தி, பெட்டில் வெல்டு வைத்த தள்ளு போல்ட் இருந்தால் அதில் தள்ளுங்க. கம்பி போட்டு நெம்பினால் 0.5 என்று நினைத்து 3 மி.மீ. போய்விடும்.

உயரம் முதலில், பக்கவாட்டு பிறகு. ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் மேல் பூட்டு நட்டை இறுக்கிவிட்டுத்தான் அளக்கணும். பூட்டு நட் இறுக்கும்போதே ஸ்டட் கொஞ்சம் சாய்ந்து அளவு மாறுவது உண்டு. ஆகவே கடைசி அளவு எல்லாம் இறுக்கின நிலையில் எடுத்ததாக இருக்கணும்.

சேர்வராயன்:

ஏற்காட்டுப் பக்கம் காபித் தோட்டத்துப் பம்பு செட்டில் மோட்டாரைக் குளிர்ந்த நிலையில் கொஞ்சம் தாழ்த்தி வைப்பது வழக்கம், சூடானால் மேலே எழும் என்று. படகு என்ஜினுக்கும் அப்படி விட வேண்டுமா அண்ணா?

மரவள்ளி_மெயின்டனன்ஸ்:

மோட்டார் கால் அடியில் இருக்கு, அச்சு 300 மி.மீ. மேலே இருக்கு என்றால், 50 டிகிரி சூட்டுக்கு வார்ப்பிரும்பு ஏறக்குறைய 0.16 மி.மீ. எழும் தம்பி. அதனால் பம்பில் அந்தக் கணக்கு தேவை.

ஷாஃப்ட்_ஃபிட்டர்:

படகு என்ஜினில் மவுண்டிங் கை பெரும்பாலும் கிராங்க் அச்சுக்குப் பக்கத்து உயரத்திலேயே வருது, எழுச்சி மிகக் குறைவு. தண்ணீர் குளிர்ச்சி இருப்பதால் சூடும் ஓரளவில் நின்றுவிடும். ஈடு எதுவும் விட வேண்டாம். இங்கே பெரிய மாற்றம் ஆள் ஏறும்போது வருது. தம்பி சொன்ன கணக்கைவிட அதைப் பார்ப்பது நல்லது: காலியாக ஒரு அளவு, மணல் மூட்டை ஏற்றி ஒரு அளவு. இரண்டும் 0.125-க்குள் இருக்கணும். இல்லையென்றால் அடிக்கடி ஓடுகிற சுமையில் சரியாக வையுங்க.

கதவணைக்கரை:

சொன்ன மாதிரியே இறக்கி, தள்ளி, இறுக்கி அளந்தது: மேல் 0.08, கீழ் 0.12, இடது 0.10, வலது 0.10. மணல் மூட்டை 25 ஆள் எடைக்கு ஏற்றினதும் மேல் 0.06, கீழ் 0.14. நடு மேடு கையால் தள்ளினாலே குழிக்குள் உட்காருது. கப்ளிங் போல்ட் பழசைப் போடலாமா? எவ்வளவு இறுக்கணும்?

அம்மாபேட்டை_லேத்:

பழசு வேண்டாம். தளர்ந்து ஓடின போல்ட்டின் உடம்பில் தேய்மானம் இருக்கும். 8.8 கிரேடு, மரையில்லாத உடம்பு இரண்டு ஃபிளாஞ்சின் சேர்ப்புக் கோட்டையும் தாண்டி நிற்கிற நீளத்தில் வாங்குங்க. மரை அந்தக் கோட்டில் வந்தால் வெட்டு விசை மரையில் விழும். துளை நீள்வட்டமாகியிருந்தால் ரீமர் போட்டு அடுத்த அளவு. குறுக்கெதிராக மூன்று தவணையில் ஏற்றி, எம்12-க்கு சுமார் 80 நியூட்டன் மீட்டர். பூட்டு நட் போடுங்க. ஸ்பிரிங் வாஷரை நம்ப வேண்டாம்.

இறுக்கின பிறகு நியூட்ரலில் வைத்து ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்க. எந்த இடத்திலும் கனக்கக் கூடாது.

கதவணைக்கரை:

கையால் லேசாகச் சுற்றுது. 1800 வரை ஓட்டியாச்சு, தளத்தில் அதிர்வு இல்லை. மவுண்டிங் முன்னால் போவது 1 மி.மீ.-க்கும் கீழே. கிளாண்டில் மட்டும் இன்னும் சூடு இருக்கு, முன்பு அளவுக்கு இல்லை. பழைய கயிறுதான் உள்ளே இருக்கு, கிராஃபைட் கயிறு.

ஷாஃப்ட்_ஃபிட்டர்:

பழைய கயிறு காய்ந்து கல் மாதிரி ஆகியிருக்கும். முழுவதும் நோண்டி எடுங்க, அடியில் ஒரு வளையம் ஒளிந்திருக்கும், அதையும் சேர்த்து. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட்டுக்கு கிராஃபைட் வேண்டாம், தண்ணீரில் ஷாஃப்ட்டைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கொழுப்பு ஏற்றின ஃபிளாக்ஸ் கயிறோ டெஃப்லான் கயிறோ போதும். அளவு: கிளாண்ட் உள் விட்டத்தில் ஷாஃப்ட் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுக்கணும். உள்ளே 56 என்றால் 8 மி.மீ. கயிறு.

சுருளாக ஒரே கயிற்றைச் சுற்றி அடைக்கக் கூடாது. ஷாஃப்ட் மேலேயே சுற்றி, சாய்வாக வெட்டி, தனித் தனி வளையமாக்கி, ஒவ்வொன்றின் வெட்டும் முந்தையதிலிருந்து மூன்றில் ஒரு சுற்று தள்ளி வருகிற மாதிரி போடுங்க. மூன்று அல்லது நாலு வளையம் கொள்ளும். நட் கை இறுக்கம் மட்டும். முதல் அரை மணி நேரம் தாராளமாகச் சொட்டட்டும், பிறகு இரண்டு நட்டையும் சமமாகக் கால் பட்டை கால் பட்டையாக ஏற்றி, ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டில் நிறுத்துங்க. ஆலைப் பம்பில் விடுகிற அளவு ஒழுக்கு இங்கே வேண்டாம். சொட்டே இல்லாமல் இறுக்கினால் கயிறு எரிந்து ஷாஃப்ட்டில் பள்ளம் விழும். கை வைத்தால் வெதுவெதுப்பு இருக்கலாம், கையை எடுக்கிற சூடு கூடாது.

புது மவுண்டிங் என்பதால் 25 மணி நேரம் ஓடின பிறகு கப்ளிங்கைப் பிரித்து, அதே 8.5 கிலோ தாங்கலோடு நாலு இடத்தையும் திரும்ப அளங்க. மேட்டூரில் உபரித் தண்ணீர் திறந்து கதவணை மதகுகளைத் தூக்கினால் படகு எப்படியும் நிற்கும், அந்த நாள்களில் படகைப் பாதுகாப்பான ஓரத்தில் கட்டியிருக்கும்போது இந்த வேலையை முடித்துவிடலாம்.

கதவணைக்கரை:

சரிங்க அண்ணா. ஃபிளாக்ஸ் கயிறு 8 மி.மீ. எழுதி வைத்தாச்சு. காலர் 40 மி.மீ. இரட்டைப் பாதி, எதில் செய்வது?

அம்மாபேட்டை_லேத்:

கன்மெட்டல் நல்லது, ஸ்டெயின்லெஸ்ஸும் ஆகும். அகலம் 25 மி.மீ., இரண்டு எம்8 ஆலன் போல்ட். துளையை 40-க்கு முடித்துவிட்டு, நடுவில் 1 மி.மீ. ரம்பத் தடத்தில் இரண்டாக அறுத்தால் பிடிப்பு கிடைக்கும். கிளாண்ட் முகத்துக்கு முன்னால் 20 மி.மீ. விட்டுப் பூட்டுங்க, கிளாண்ட் நட்டைத் திருப்ப ஸ்பேனர் போக இடம் வேண்டும். ஷாஃப்ட்டில் குழி எடுக்க வேண்டாம், அந்த இடத்தில்தான் பிறகு விரிசல் விடும்.